திட்டம் போடுவது எளிது, மூன்றாவது வாரம்தான் கஷ்டம்: ஏடிஹெச்டி உள்ளவர்களுக்கான இலக்கு வழிகாட்டி

ஏடிஹெச்டி (கவனத்தை நிலைநிறுத்துவதும் உந்துதலை அடக்குவதும் கடினமாக இருக்கும் நிலை) உள்ளவர்களுக்குத் திட்டம் போடத் தெரியாது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அவர்களில் பலர் அருமையாகத் திட்டம் போடுவார்கள். புது நோட்டு, புது ஆப், வண்ணம் பிரித்த அட்டவணை, நள்ளிரவு தாண்டியும் அடங்காத உற்சாகம் எல்லாம் இருக்கும். முதல் வாரம் நன்றாகப் போகும். இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் விட்டுப்போகும். மூன்றாவது வாரம் அந்த நோட்டு எங்கே வைத்தோம் என்பதே மறந்துபோகும். சில மாதம் கழித்து அது கண்ணில் படும்போது வருவது உற்சாகம் இல்லை, கூச்சம்.

அந்த மூன்றாவது வாரத்தை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். திட்டம் எங்கேயாவது அறுந்துபோகும் என்பதை முதல் நாளே ஏற்றுக்கொண்டு, திரும்பி வரும் வழியையும் அதற்குள்ளேயே எழுதி வைத்துவிட வேண்டும். அறுந்துபோகவே கூடாது என்ற எதிர்பார்ப்பில் போடும் திட்டம், முதல் தடங்கலிலேயே செத்துவிடுகிறது.

எங்கே அறுந்துபோகிறது?

இதைப் புரிந்துகொள்ளாமல் கீழே வரும் படிகளைச் செய்தால் அவை வெறும் அறிவுரையாகத்தான் தெரியும். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

தூரத்தில் இருக்கும் பலன் எல்லோருக்குமே கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும். ஏடிஹெச்டி உள்ள மூளையில் அது இன்னும் வேகமாக மங்குகிறது. இப்போதே கிடைக்கும் சின்னப் பலனையும், பிறகு கிடைக்கும் பெரிய பலனையும் முன்னால் வைத்துச் செய்த ஆய்வுகளில் இது திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. ஆறு மாதம் கழித்துக் கிடைக்கப்போகும் நல்ல வேலை, இன்று மாலை நாற்காலியில் உட்கார வைக்கும் அளவுக்கு இழுப்பதில்லை. ஆசை இல்லாததால் இப்படி நடப்பதில்லை. அந்த ஆசையின் பலம் இன்றைய மாலை வரை எட்டுவதில்லை.

அடுத்தது நினைவு. நிகழ்வோடு சேர்ந்த நினைவு ஒன்று: அவரைப் பார்த்ததும் இதைச் சொல்ல வேண்டும் என்பது போல. நேரத்தோடு சேர்ந்த நினைவு இன்னொன்று: சரியாக 6 மணிக்கு இதைச் செய்ய வேண்டும் என்பது போல. ஏடிஹெச்டியில் அதிகம் அடிபடுவது இரண்டாவது வகை. நாம் போடும் திட்டங்களோ பெரும்பாலும் மணிக்கணக்கில்தான் இருக்கின்றன! இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டாலே திட்டம் எழுதும் விதம் மாறிவிடும்.

மூன்றாவது, தொடங்குவது. என்ன செய்ய வேண்டும் என்று தெரியும், செய்ய வேண்டும் என்று மனமும் இருக்கும், ஆனாலும் உடம்பு எழாது. வெளியிலிருந்து பார்ப்பவர் இதைச் சோம்பல் என்று சொல்லிவிடுவார். சோம்பலாக இருப்பவர் அந்த நேரத்தை ஓய்வாக அனுபவிப்பார். இங்கே உட்கார்ந்திருப்பவரோ ஒவ்வொரு நிமிடமும் தன்னையே திட்டிக்கொண்டிருக்கிறார்.

இந்த மூன்றுக்கும் பொதுவான மருந்து ஒன்றுதான்: தலைக்குள் இருப்பதை வெளியே கொண்டுவருவது. பலனைப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும், நினைவைப் பொருளின் மேலும் இடத்தின் மேலும் ஏற்ற வேண்டும், தொடங்குவதற்கு வேறொரு மனிதரின் துணையைப் பெற வேண்டும். கீழே உள்ள படிகள் அத்தனையும் இதையேதான் செய்கின்றன. ‘வேலை மாற வேண்டும்’ என்ற ஒரே இலக்கை எல்லாப் படிகளுக்கும் உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

படி 1: ஒரே ஒரு இலக்கு, ஆறு வாரம்

ஒரே நேரத்தில் ஐந்து இலக்குகள் மனதில் ஓடிக்கொண்டிருக்கும். ஐந்தும் முக்கியம் என்றே தோன்றும். ஒன்றை மட்டும் எடுங்கள். மற்ற நான்கையும் ‘பிறகு’ என்று தலைப்பிட்ட ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். எழுதாவிட்டால் அவை போய்விடுமோ என்ற பயத்திலேயே மனம் அவற்றைச் சுற்றி வரும். எழுதி வைத்தால் கொஞ்சம் அடங்கும்.

எதை எடுப்பது? யாருக்காகவோ செய்ய வேண்டியிருக்கிறது என்ற ஒரே காரணத்தால் பட்டியலில் ஏறியதை முதலில் எடுக்காதீர்கள். ஏடிஹெச்டி மூளை முக்கியத்துவத்தைவிட ஈடுபாட்டுக்குத்தான் சீக்கிரம் அசைகிறது. உங்களுக்கே ஒரு ஆர்வமோ அவசரமோ இருக்கும் இலக்குதான் மூன்றாவது வாரத்தைத் தாண்டும்.

எடுத்ததை ஆறு வாரத்துக்குள் அடக்குங்கள். ஒரு வருடத் திட்டம் காகிதத்தில் அழகாக இருக்கும், ஆனால் அதன் முடிவு கண்ணுக்கே தெரியாது. அடுத்து, உங்கள் கையில் இருக்கும் செயலாக அதை மாற்றுங்கள். ‘வேலை மாற வேண்டும்’ என்பது வேறு யாரோ எடுக்கப்போகும் முடிவு. ‘ஆறு வாரத்துக்குள் ஐந்து நிறுவனங்களுக்கு விண்ணப்பம் அனுப்பியிருப்பேன்’ என்பது உங்கள் கையில் இருக்கிறது. அனுப்பினோமா இல்லையா என்று யார் கேட்டாலும் ஒரே சொல்லில் பதில் சொல்லலாம்.

படி 2: முதல் மூன்று அசைவுகளை மட்டும் உடைப்பது

பெரிய வேலையைச் சின்னச் சின்னதாக உடை என்று எல்லோரும் சொல்வார்கள். அதில் ஒரு ஆபத்து இருப்பதைச் சொல்வதில்லை. உடைப்பதே ஒரு சுவாரசியமான வேலையாகி, நான்கு மணி நேரம் அதிலேயே மூழ்கி, அறுபது வரிப் பட்டியலோடு எழுந்து வருவது நடக்கும். அந்தப் பட்டியலை மறுநாள் பார்த்தாலே மலைப்பாக இருக்கும். அதனால் திட்டமிட அரை மணி நேரம்தான் என்று டைமர் வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று செயல்களை மட்டும் உடையுங்கள். மிச்சத்தை எல்லாம் பொத்தாம்பொதுவாக இரண்டு வரியில் விட்டுவிடலாம்.

அந்த மூன்றும் கை அசையும் அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும். ‘பயோடேட்டாவைப் புதுப்பிக்க வேண்டும்’ என்பது இன்னும் பெரியது. ‘லேப்டாப்பில் பழைய பயோடேட்டா ஃபைலைத் தேடித் திறப்பது’, ‘அதை இன்றைய தேதியோடு வேறு பெயரில் சேமிப்பது’, ‘இப்போதைய வேலையில் செய்த மூன்று விஷயங்களை அரைகுறை வாக்கியமாகவேனும் அதில் எழுதுவது’. இப்படி. எழுதிய வரியைப் படித்ததும் ‘அதை எப்படிச் செய்வது’ என்ற கேள்வி எழுந்தால், அது இன்னும் உடையவில்லை என்று அர்த்தம்.

படி 3: நேரத்தைக் கண்ணால் பார்ப்பது

ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கணிப்பதில் மனிதர்கள் எல்லோருமே தவறுகிறார்கள். உளவியலாளர்கள் டேனியல் கானெமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே இந்தப் போக்கைச் சுட்டிக்காட்டினார்கள். 1994-ல் வெளியான ஓர் ஆய்வில், பட்டப்படிப்பு ஆய்வேட்டை முடிக்க எவ்வளவு நாள் ஆகும் என்று மாணவர்களிடம் கேட்டார்கள். அவர்கள் சொன்ன சராசரி சுமார் 34 நாள். உண்மையில் ஆனது சுமார் 55 நாள். இத்தனைக்கும் அது ஏடிஹெச்டி உள்ளவர்களைத் தேர்ந்தெடுத்துச் செய்த ஆய்வு இல்லை. நேரம் ஓடுவதை உணர்வதிலேயே சிரமம் இருப்பவர்களுக்கு இந்த இடைவெளி இன்னும் அகலும்.

எனவே உங்கள் கணிப்பை இரண்டால் பெருக்கி அட்டவணையில் போடுங்கள். கூடவே, அடிக்கடி செய்யும் ஒன்றிரண்டு வேலைகளை ஒரு வாரத்துக்கு நேரம் பார்த்துக் குறித்து வையுங்கள். ‘ஒரு மின்னஞ்சல் எழுத ஐந்து நிமிடம்’ என்று நினைத்திருந்தது, திறப்பது, பழையதைத் தேடுவது, திருத்துவது எல்லாம் சேர்ந்து முப்பத்தைந்து நிமிடம் எடுப்பது தெரியவரும். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்கும் நேரம் ஆகும். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மேசையில் முள் கடிகாரம் வையுங்கள். எண்ணில் 4:40 என்று பார்ப்பதைவிட, முள் நகர்ந்து வட்டத்தில் மிச்சம் இருக்கும் இடத்தைப் பார்ப்பது பலருக்கு நேரத்தை ஒரு பொருளாகக் காட்டுகிறது. மிச்ச நேரத்தை வண்ணத்தில் காட்டும் டைமர்களும் இதற்காகவே இருக்கின்றன.

வாரத்தின் எல்லா மாலைகளையும் நிரப்பாதீர்கள். நான்கு நாள் வேலை செய்ய முடியும் என்று தோன்றினால் இரண்டு நாளை மட்டும் அட்டவணையில் போடுங்கள். காலியாக விட்ட நாட்கள்தான் விட்டுப்போனதைத் தாங்கும்.

படி 4: மணிக்குப் பதிலாக நிகழ்வோடு ஒட்டவைப்பது

முன்னால் சொன்ன நினைவு விஷயம் இங்கேதான் பயன்படுகிறது. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களில் இருந்து ஆராய்ந்துவந்த எளிய முறை ஒன்று உண்டு: ‘இது நடந்தால், இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே ஒரே வாக்கியமாக எழுதி வைப்பது. 2006-ல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெறுமனே இலக்கை நினைத்திருப்பதைவிட இப்படி எழுதி வைப்பது குறிப்பிடத்தக்க பலன் தருவது தெரிந்தது. ஏடிஹெச்டி உள்ள குழந்தைகளிடமும் இந்த முறையைச் சோதித்திருக்கிறார்கள். தங்களை அடக்கிக்கொள்ள வேண்டிய இடங்களில் அது அவர்களுக்கு உதவியது.

‘தினமும் மாலை 7 மணிக்கு விண்ணப்ப வேலை’ என்று எழுதாதீர்கள். ‘வேலை முடிந்து வந்து பையை இறக்கி வைத்ததும், அந்தப் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மேசையில் திறந்து வைப்பேன்’ என்று எழுதுங்கள். பையை இறக்கி வைப்பது எப்படியும் நடக்கும். அதுவே மணி அடிக்கிறது. இப்படி ஒன்றோ இரண்டோ போதும். பத்து எழுதினால் பத்தும் சேர்ந்து மறந்துபோகும்.

அதோடு இடத்தையும் தயார் செய்யுங்கள். முந்தைய இரவே அந்த ஃபைலைத் திறந்த நிலையில் விட்டு லேப்டாப்பை மூடி வைத்தால், மறுநாள் திறந்ததும் அதுதான் முதலில் கண்ணில் படும். ஃபோனை அடுத்த அறையில் வையுங்கள். கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு மன உறுதியை நம்புவது வீண். சுவரில் ஒட்டும் குறிப்புகள் சில நாளில் கண்ணுக்குப் பழகிச் சுவரோடு சுவராகிவிடும். வாரம் ஒருமுறை நிறத்தையோ இடத்தையோ மாற்றிவிட்டால் திரும்பவும் தெரியும்.

படி 5: தொடங்க முடியாத அந்த நிமிடம்

பிரான்செஸ்கோ சிரில்லோ 1980-களின் இறுதியில் உருவாக்கிய பொமடோரோ முறையில் 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. நல்ல முறைதான். ஆனால் தொடங்கவே முடியாத நாளில் 25 நிமிடம் என்பது மிக நீளம். ஐந்து நிமிடம் என்று வையுங்கள். ஐந்து நிமிடம் ஆனதும் நிறுத்திவிடும் உரிமையை உண்மையாகவே உங்களுக்குக் கொடுங்கள். ‘ஐந்து என்று சொல்லி ஒரு மணி நேரம் இழுத்துவிடலாம்’ என்று உங்களையே ஏமாற்றினால், அடுத்த முறை மனம் நம்பாது. சில நாள் வேலை பிடித்துப்போய் டைமர் தொந்தரவாக இருக்கும். அப்போது அதை அணைத்துவிட்டுத் தொடரலாம். ஆனால் சாப்பாடு, தூக்கம் இரண்டுக்கும் ஒரு கடைசி அலாரம் மட்டும் இருக்கட்டும்.

இதையும்விடப் பலமான வழி, பக்கத்தில் ஒருவர் இருப்பது. அவர் உதவ வேண்டியதில்லை. தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டு நேரிலோ வீடியோ அழைப்பிலோ அமைதியாக இருந்தால் போதும். ‘இப்போது நான் பயோடேட்டாவின் முதல் பத்தியை எழுதப்போகிறேன்’ என்று அவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். ஏடிஹெச்டி உள்ளவர்களிடையே இந்தப் பழக்கம் உலகெங்கும் பரவியிருப்பதற்குக் காரணம், அது பலருக்கு வேலை செய்கிறது என்பதுதான்.

எதைச் செய்தாலும் உடம்பு எழவில்லை என்றால், உள்ளே ஒரு பயம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். விண்ணப்பம் அனுப்பாத வரை யாராலும் நிராகரிக்க முடியாது. இதை ஒரு வரியில் எழுதிப் பார்த்தால், தடை எது என்பதாவது தெரியும். அப்புறம் செய்ய வேண்டிய வேலையை மாற்றிக்கொள்ளலாம்: நிராகரித்தாலும் பெரிதாக வருத்தப்படாத ஒரு நிறுவனத்துக்கு முதல் விண்ணப்பத்தை அனுப்புவது போல.

படி 6: பலனைப் பக்கத்தில் இழுப்பது

நமக்கு நாமே வைக்கும் கெடு பெரும்பாலும் பலிக்காது. அது பொய்க் கெடு என்று மனதுக்குத் தெரியும். இன்னொருவர் காத்திருக்கும் கெடு பலிக்கும். ‘வெள்ளிக்கிழமை இரவு பயோடேட்டாவை உனக்கு அனுப்புகிறேன், எந்த நிலையில் இருந்தாலும்’ என்று ஒரு நண்பரிடம் சொல்லுங்கள். ‘எந்த நிலையில் இருந்தாலும்’ என்பது மிக முக்கியம். அது இல்லாவிட்டால், சரியாக வரவில்லை என்று அனுப்பாமலேயே இருந்துவிடுவீர்கள்.

அந்த நண்பருக்கும் ஒரு வார்த்தை. ‘இன்னுமா முடிக்கவில்லை?’ என்று நீங்கள் கேட்டால், இலக்கை எடுத்திருப்பவர் உங்கள் அழைப்பை எடுப்பதையே நிறுத்திவிடுவார். ‘இப்போது எங்கே நிற்கிறது, அடுத்து செய்யப்போவது என்ன?’ என்று கேளுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் இதுவே பொருந்தும்.

படி 7: திரும்பி வருவது

இதுவரை சொன்னதில் பாதியைச் செய்யாவிட்டாலும் பரவாயில்லை, இந்தப் படியை விட்டுவிடாதீர்கள்.

ஒவ்வொரு முறை வேலையை நிறுத்தும்போதும், எழுவதற்கு முன் ஒரே ஒரு வரி எழுதி வையுங்கள்: எங்கே நிற்கிறது, அடுத்த அசைவு எது. ‘இரண்டாவது வேலையின் விவரம் பாதியில் இருக்கிறது, அடுத்து அதன் தேதிகளைப் பழைய மின்னஞ்சலில் தேட வேண்டும்’ என்பது போல. பத்து நாள் கழித்துத் திரும்பினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து படித்து நினைவுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். அந்தச் சுமைதான் திரும்ப விடாமல் செய்கிறது. அந்த ஒரு வரி அதைப் பெருமளவு குறைத்துவிடும்.

அடுத்து, விட்டுப்போன பிறகு என்ன செய்வது என்பதை விட்டுப்போவதற்கு முன்பே எழுதி, திட்டத்தின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். அதில் மூன்று விஷயம் இருந்தால் போதும். விட்ட நாட்களை ஈடுகட்ட முயலக் கூடாது. திட்டத்தை மாற்றி எழுதக் கூடாது, புது ஆப் தேடக் கூடாது. கடைசி வரியைப் படித்துவிட்டுப் பத்து நிமிடம் மட்டும் வேலை செய்ய வேண்டும். இரண்டாவது விதி ஏன் என்றால், புதுத் திட்டம் போடும்போது வரும் உற்சாகம் வேலை செய்தது போன்ற நிறைவைத் தந்துவிடும், வேலை மட்டும் அங்கேயே நிற்கும். ஏற்கெனவே இருக்கும் திட்டம் பாதி சரியாக இருந்தாலே போதும்.

சங்கிலித் தொடராக நாட்களை எண்ணும் ஆப்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். நாற்பது நாள் தொடர்ந்து செய்து ஒரு நாள் விட்டால், அது பூஜ்ஜியம் என்று காட்டும். நாற்பது நாள் செய்த வேலை எங்கும் போகவில்லை. எண்ண வேண்டும் என்றால், எத்தனை முறை திரும்பி வந்தீர்கள் என்று எண்ணுங்கள்.

மோசமான நாட்களுக்கு இலக்கின் மிகச் சிறிய வடிவம் ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். ஃபைலைத் திறந்து ஒரு சொல்லைத் திருத்திவிட்டு மூடினாலும் அன்றைய கணக்கு முடிந்தது. வாரம் ஒருமுறை கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்: என்ன நடந்தது, எது தடுத்தது, அடுத்த வாரம் மூன்று அசைவுகள் எவை. தனியாகச் செய்தால் இதுவும் மறந்துபோகும். வெள்ளிக்கிழமை நண்பரோடு பேசும்போதே சேர்த்துச் செய்துவிடுவது நல்லது.

மூன்றாவது வார முடிவில் இந்த இலக்கு இன்னும் வேண்டுமா என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால், தேதி போட்டு ‘இதை விடுகிறேன்’ என்று எழுதி விட்டுவிடுங்கள். அது ஒரு முடிவு. எழுதாமல் நழுவவிட்டால் அது குற்ற உணர்வாக மனதில் தங்கி, அடுத்த இலக்கின் மேலும் பாரமாக உட்காரும்.

உடம்பையும் மருத்துவத்தையும் மறக்காமல்

எந்தத் திட்டமும் சிகிச்சைக்குப் பதிலாகாது. இன்னும் பரிசோதித்துக்கொள்ளவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். 2013-ல் வெளியான டிஎஸ்எம்-5 என்ற மனநல நோய் கண்டறியும் கையேட்டின் அளவுகோலின்படி, அறிகுறிகளில் பல 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். அதனால் சிறுவயதுப் பள்ளி அறிக்கைகள் கிடைத்தால் எடுத்துக்கொண்டு போங்கள். மனச்சோர்வு, பதற்றம், தூக்கக் குறைவு ஆகியவையும் இதே போன்ற தடுமாற்றத்தைத் தரும். பல நேரம் ஏடிஹெச்டியோடு சேர்ந்தே இருக்கும். அவற்றைத் தனியாகக் கவனிக்க வேண்டியிருக்கும்.

மருந்து எடுப்பவர்கள், அது உடம்பில் வேலை செய்யும் நேரத்தை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, கடினமான வேலையை அந்த நேரத்தில் வையுங்கள். ஏடிஹெச்டிக்குத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் மருந்தில், குறுகிய நேரம் வேலை செய்யும் வகையின் பலன் ஏறத்தாழ 4 மணி நேரம்தான். காலையில் எடுத்துவிட்டு இரவில் விண்ணப்பம் எழுத உட்கார்ந்தால் அதன் உதவி இருக்காது. மருந்து எடுத்தும் சிரமம் மிச்சம் இருப்பவர்களுக்குப் பேச்சு வழிச் சிகிச்சையும் உதவும். 2010-ல் ஜாமா மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், மருந்து எடுத்தும் அறிகுறிகள் தொடர்ந்த 86 பெரியவர்கள் பங்கெடுத்தார்கள். திட்டமிடல், கவனம், சிந்தனைப் போக்கு ஆகியவற்றைப் பயிற்றுவிக்கும் சிபிடி என்ற பேச்சு வழிச் சிகிச்சை பெற்றவர்கள், உடல் தளர்வுப் பயிற்சி பெற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள்.

படி 8: கடைசிக் கொஞ்சம்

தொண்ணூறு சதவீதம் முடிந்ததும் ஆர்வம் வற்றிவிடும். புதுமை போய்விட்டது, மிச்சம் இருப்பதெல்லாம் சலிப்பான வேலை: எழுத்துப் பிழை பார்ப்பது, படிவத்தில் முகவரி நிரப்புவது, இணைப்பைச் சேர்ப்பது, அனுப்பு பொத்தானை அழுத்துவது. முடியும் நிலையில் கைவிட்ட வேலைகள் பலவும் இங்கேதான் கிடக்கின்றன. அந்த நேரத்தில் ‘இன்னும் கொஞ்சம் மெருகேற்றலாம்’ என்று தோன்றுவதும் உண்டு. அதையும் நம்பாதீர்கள்.

இதற்கு இரண்டு ஏற்பாடு. ‘முடிந்தது’ என்றால் என்ன என்பதை முதல் வாரமே எழுதி வைப்பது: பிழை ஒருமுறை பார்த்தாயிற்று, நண்பர் படித்தாயிற்று, ஐந்து பேருக்கும் அனுப்பியாயிற்று, அவ்வளவுதான். இரண்டாவது, அனுப்பும் நாளன்று யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வது. முதல் நாள் தொடங்குவதற்குத் தேவைப்பட்ட துணை, கடைசி நாளுக்கு இன்னும் அதிகம் தேவைப்படும்.

அனுப்பியதும் அன்றே ‘பிறகு’ பக்கத்தைத் திறந்து அடுத்த இலக்கில் குதிக்க வேண்டாம். இரண்டு மூன்று நாள் விடுங்கள். அதற்குள் பதில்கள் வரலாம், வராமலும் இருக்கலாம். ஆறு வாரத்தில் எந்தப் படி உங்களுக்குக் கைகொடுத்தது, எது ஒருநாள்கூடப் பயன்படவில்லை என்று நான்கு வரி எழுதி அந்தப் பக்கத்தின் மேலேயே ஒட்டிவிட்டால், அடுத்த இலக்கை எடுக்கும்போது அதுதான் முதலில் கண்ணில் படும்.